கொழுப்புக்குள்ளும் துருவா?

மழையில் நனைந்த ஆணி துருப்பிடிப்பதையும், நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு. நம்மை வாழவைக்கும் அதே ஆக்சிஜன் நம் உடலுக்குள்ளும் சில வேளைகளில் இத்தகைய வேலையைச் செய்கிறது!

செல்களில் உணவு எரியும்போது, ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதி சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற முரட்டுப் பொருள்களாக மாறுகிறது. அளவோடு இருந்தால் இவற்றால் நன்மையும் உண்டு. நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல இவற்றைப் பயன்படுத்துகின்றன. இவற்றை அடக்கி வைக்கும் நொதிகளும் செல்களில் உள்ளன. அவற்றுக்கும் அடங்காமல் இவை பெருகும் நிலையே ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ எனப்படும்.

உடல் பருத்தவர்களுக்கு நீரிழிவு நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஏன்? கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அது ஹார்மோன்களையும் சுரக்கிறது. அவற்றுள் ஒன்று அடிப்போனெக்டின். இன்சுலின் செவ்வனே வேலை செய்ய இது துணைபுரிகிறது. விந்தை என்னவென்றால், கொழுப்பு கூடக்கூட இந்த ஹார்மோன் குறைகிறது!

இதற்கான காரணம் ஒன்றை, ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பருத்த சுண்டெலிகளின் கொழுப்புத் திசுவில், முரட்டு ஆக்சிஜனை உண்டாக்கும் நொதி மிகுந்திருந்தது. அதை அடக்கும் நொதிகள் குறைந்திருந்தன. கொழுப்புச் செல்களைத் தனியே வளர்த்து அந்த முரட்டுப் பொருள்களைச் சேர்த்தபோது, அடிப்போனெக்டின் உற்பத்தி குன்றியது. பிறகு, அந்நொதியைத் தடுக்கும் அப்போசைனின் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தனர். அடிப்போனெக்டின் உயர்ந்தது, நீரிழிவு தணிந்தது, ஈரலில் படிந்த கொழுப்பும் குறைந்தது.

அப்படியானால், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளை நாமும் விழுங்கினால் போதுமா? போதாது. எலியில் பலிப்பதெல்லாம் மனிதனில் பலிப்பதில்லை. பல்லாயிரம் பேரிடம் வைட்டமின் ஈ மாத்திரையைச் சோதித்தபோது, அது நீரிழிவைத் தடுக்கவில்லை.

மாத்திரையை நாடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓடும்போதும் ஆடும்போதும் சுருங்கி விரியும் தசைகள், இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. கிடங்கில் சேர வேண்டியது அங்கேயே செலவாகிவிடுகிறது.

எனவே, மாலையில் பள்ளி மணி அடித்ததும் விளையாட்டுத் திடலுக்கு ஓடுங்கள். பருத்த நண்பன் ஓரமாய் நின்றால் அவனைக் கேலி செய்யாதீர்கள். கைப்பிடித்து ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்!