சுவடிப் படங்களுக்குப் பெயரிடுதல்

அரபுத்தமிழ்ச் சுவடிகளை டிஜிட்டல் கேமராவால் படமெடுத்துக் காக்கும் பணியில், படமெடுத்தலினும் மிகுந்த கவனம் வேண்டுவது படக்கோப்புகளுக்குப் பெயரிடுதலே ஆகும்.

கேமரா ஒவ்வொரு படத்திற்கும் தானே ஒரு பெயர் சூட்டுகிறது. 1998ஆம் ஆண்டு ஜப்பானில் வகுக்கப்பெற்ற விதிப்படி அப்பெயர் எட்டுக் குறிகளால் ஆனது. முதல் நான்கு தயாரிப்பாளரின் விருப்பம். எஞ்சிய நான்கும் 0001 முதல் 9999 வரையிலான வரிசை எண். எண் தீர்ந்ததும் கேமரா புதிய கோப்புறையைத் திறந்து, மீண்டும் 0001இல் தொடங்கும். நினைவட்டையில் இதனால் இடரில்லை. கணினியில் யாவற்றையும் ஒரே கோப்புறையில் இடுவோமாயின், ஒரே பெயருடைய இரண்டனுள் ஒன்று மற்றொன்றை அழித்துவிடக்கூடும். மூலச்சுவடி செல்லரித்துப்போன பின்னர் அவ்விழப்பை ஈடுசெய்தல் எங்ஙனம்?

இன்னொரு சிக்கலும் உண்டு. அரபுத்தமிழ் வலமிருந்து இடமாகச் செல்வது. தமிழ்நூல் புரட்டிய பழக்கத்தில் இடப்புறத்திலிருந்து படமெடுத்தால், கடைசிப் பக்கமே முதல் எண்ணைப் பெறும். ஆதலின் சுவடிப்பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்துப் புதுப்பெயர் இடுதல் வேண்டும். எண்ணை 002, 010 என்று மூன்று இலக்கமாக எழுதுக. வெறும் 2, 10 என எழுதினால் சில மென்பொருள்கள் பத்தை இரண்டுக்கு முன் நிறுத்தும். பக்க எண் இல்லாச் சுவடியாயின் அஞ்ச வேண்டுவதில்லை. அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை முன்பக்கத்தின் அடியில் எழுதிவைப்பது அரபெழுத்துச் சுவடிகள் பலவற்றில் காணப்படும் அழகிய மரபு. அதனைக்கொண்டு வரிசையைச் சரிபார்க்கலாம்.

எடுத்த நேரம் படத்தினுள்ளேயே பதிவாகிறதே என்பாரும் உளர். கேமராவின் கடிகாரம் பிழைப்படின் அப்பதிவும் பிழையே. அன்றியும், எச்சுவடி, எப்பக்கம் என்பதை அது சொல்லாது. பெயரிடும் பணியைப் படமெடுத்த அன்றே, சுவடி கையருகில் இருக்கும்போதே முடித்துவிடுதல் நலம்.