வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறீங்களா? கடல்நீர் மீன் தொட்டியைக் காப்பாற்றுவது எப்படி?

கார்த்திகை தீபம் நெருங்கினாலே திருவண்ணாமலையில் பெயிண்டர்கள் பிஸி. வெளியூர் சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள வீடு பளிச்சுன்னு ஆகணும். ஆனால், ஹாலில் பவள உயிரிகள் வளரும் கடல்நீர்த் தொட்டி இருந்தால்? ‘தண்ணிக்குள்ளதானே இருக்கு, பெயிண்ட் வாசனை என்ன பண்ணிடும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

புகை எப்படி உள்ளே போகிறது?

ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் செலுத்துகிறது. அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமலில் உள்ள டர்பன்டைன் போன்ற கரைப்பான்களின் ஆவி இந்த வழியாகத் தண்ணீரில் கலக்கும். கார்த்திகை மழைக்காலம் என்பதால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். பெயிண்ட் காயவும் தாமதமாகும். வாசனை நாள் கணக்கில் அறையிலேயே நிற்கும்.

என்ன செய்யணும்?

* ஏர் பம்பை வேறு அறைக்கு மாற்றி, நீளமான டியூப் போடுங்கள். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயையும் பெயிண்ட் வாசனை இல்லாத இடத்துக்கு நீட்டுங்கள்.
* அது முடியாவிட்டால், வேலை நடக்கும்போது மட்டும் இரண்டையும் நிறுத்துங்கள். தண்ணீரைச் சுழற்றும் பம்ப் ஓடட்டும். அதையும் நிறுத்தினால் ஆக்ஸிஜன் குறைந்துவிடும்.
* பழைய பெயிண்டைச் சுரண்டும்போது தொட்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சுவர்த் தூசியில் ஈயம் இருக்கலாம். வேலை முடிந்ததும் ஷீட்டை எடுத்துவிடுங்கள்.
* ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். வேலை முடிந்ததும் மாற்றுங்கள்.
* சுவருக்குத் தண்ணீரில் கரையும், ‘லோ விஓசி’ எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள்.

முன்கூட்டியே என்ன தயார் செய்யணும்?

திருவண்ணாமலையிலிருந்து கடல் சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. அவசரத்துக்கு ஓடிப்போய்க் கடல்நீர் எடுத்துவர முடியாது. பெயிண்டர் வருவதற்கு முன்பே, ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்பு கலந்து, தொட்டியின் கொள்ளளவில் கால் பங்காவது மூடிய டிரம்மில் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

ஆபத்துக்கு அறிகுறி எது?

பவள உயிரிகள் சுருங்கிக்கொள்வது, நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுவது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது. பார்த்த உடனே ஜன்னலைத் திறந்து, கால் பங்கு தண்ணீரை மாற்றி, கார்பனையும் மாற்றுங்கள்.

ஜன்னல் திறந்தால் கொசு வரும்தான். அதற்காக ஸ்பிரேயைக் கையில் எடுக்காதீர்கள். கொசு மருந்துகளில் உள்ள பைரெத்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். அந்த நாலு நாள் கொசுவலை போதும்.