எதிரில் நின்றவர்கள்

அச்சுக்குள் வராதவை – 9

செப்டம்பர் 5 வந்தால் அம்மையார்குப்பத்துப் பள்ளிக்கூடங்களில் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை விழும். ஆசிரியர் தினம் நாடு முழுக்க உண்டுதான். ஆனால் இங்கே அதில் ஓர் உரிமை கலந்திருக்கும். திருத்தணி எங்களுக்குப் பக்கத்து ஊர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போகிற ஊர். அங்கே 1888-ல் பிறந்த பிள்ளை ராஷ்டிரபதி பவன் வரை போனதை, தறியை நிறுத்திவிட்டு டீ குடிக்க வருகிறவர்கள் உறவுக்காரர் கதையைப் போலச் சொல்வார்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்தது. அதனால் தெலுங்குக்காரர்களும் அவரை விடுவதில்லை. நெல்லூர்ப் பக்கத்துச் சர்வபள்ளியின் பெயரைத் தாங்கியவர், எங்களவர் என்பார்கள்.

இரண்டு மொழியும் புழங்குகிற இந்த எல்லையோரத்தில், அவரைக் கொண்டாடுகிற யாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 1962-ல் அவரை எதிர்த்து நின்றது யார்? “எதிர்த்து வேற நின்னாங்களா?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

நின்றார்கள். இரண்டு பேர். சௌத்ரி ஹரி ராம், யமுனா பிரசாத் திரிசூலியா. ராதாகிருஷ்ணன் பெற்ற வாக்கு மதிப்பு 5,53,067. ஹரி ராமுக்கு 6,341, திரிசூலியாவுக்கு 3,537. அந்தத் தேர்தலில் ஒரு எம்.பி.யின் வாக்கு மதிப்பு 493. கணக்குப் போட்டால் ஹரி ராமுக்கு விழுந்தது ஏறத்தாழ 13 எம்.பி.க்களின் வாக்குக்கு ஈடு. உலகம் அறிந்த தத்துவப் பேராசிரியர், பத்து ஆண்டு துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர், ஆளும் காங்கிரசின் வேட்பாளர். அவருக்கு எதிரே யாரென்றே தெரியாத ஒருவரின் பெயருக்கு நேராக மக்கள் பிரதிநிதிகள் சிலர் ‘1’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் எழுதினார்கள்? எனக்கு அது பெரிய செய்தியாகப் படுகிறது.

ஹரி ராம் அதோடு விட்டவரும் இல்லை. 1952, 1957, 1962, 1967, 1969 என முதல் ஐந்து குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது. 1967-ல் ஒரு வாக்குகூட விழவில்லை. அடுத்த தேர்தலில் மறுபடியும் நின்றார், 125 கிடைத்தது. ராஜேந்திர பிரசாத், ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், கிரி என்று நான்கு தலைவர்களுக்கு எதிரே நின்ற ஒரு மனிதரைப் பற்றி, நாட்டில் பத்திரிகை படிக்கிற யாருக்கும் இன்று ஒரு வரி சொல்லத் தெரியாது.

பத்திரிகைகளின் சார்பு என்றதும் பொய்ச் செய்தியும் காசு வாங்கிக்கொண்டு எழுதுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றிச் சென்ற வாரங்களில் பேசினோம். இந்த வாரம் பேசுவது அதைவிடப் பழைய பழக்கம். பொய் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. இடம் கொடுக்காமல் இருந்தால் போதும். கட்சி பின்னால் இல்லாதவர், தலைநகரின் வட்டத்துக்குள் இல்லாதவர் ஒருவர் உயர்ந்த பதவிக்கு நின்றால், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே “இவர் ஜெயிக்கவா போகிறார்?” என்று செய்தி மேசை முடிவு கட்டிவிடுகிறது. மிச்சமெல்லாம் அந்த முடிவிலிருந்து தானாக நடக்கிறது. ஒருவருக்கு முதல் பக்கம், இன்னொருவருக்குப் பதினோராம் பக்கத்துக் கடைசிப் பத்தி.

1987 தேர்தலை எடுத்துக்கொள்வோம். ராஜாமடத்து ஆர். வெங்கட்ராமன் காங்கிரஸ் வேட்பாளர். எதிர்க்கட்சிகள் நிறுத்தியவர் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். மூன்றாவதாக மிதிலேஷ் குமார் என்கிற சுயேச்சை. கிருஷ்ணய்யர் ஓடியாடிப் பிரசாரம் செய்தார். வெங்கட்ராமனுக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை. மிதிலேஷ் குமார் அரசாங்கத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தன் கருத்தை வாக்காளர்களுக்குச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. மறுத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் பார்க்க, டி.வி. இருக்கிற வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியிருந்த காலம் அது. அந்த ஒரே பெட்டியும் அரசின் கையில். அதில் பேச வாய்ப்புக் கேட்ட வேட்பாளருக்கு இடமில்லை. முடிவில் வெங்கட்ராமனுக்கு 7,40,148, கிருஷ்ணய்யருக்கு 2,81,550, மிதிலேஷ் குமாருக்கு 2,223. பத்து நிமிடம் கொடுத்திருந்தால் முடிவு மாறியிருக்காது. அதனாலேயே கொடுத்திருக்கலாம் என்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஓர் இடத்தில்கூட மனம் வராதது ஏன்?

2002-ஐப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். தமிழர்களாகிய நமக்கு அது அப்துல் கலாம் ஆண்டு. பேப்பர் போட்ட ராமேஸ்வரத்துச் சிறுவன், அக்கினி ஏவுகணை, வீணை, திருக்குறள், நெற்றியில் புரளும் முடி என்று அந்த ஜூன், ஜூலை மாதங்களில் வார இதழ்களின் அட்டையெல்லாம் அவர்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் குடியரசுத் தலைவராகப் போகிறார் என்றபோது நாம் மகிழ்ந்ததில் தவறே இல்லை. நானும் மகிழ்ந்தவன். கலாமும் அரசியலுக்கு வெளியே இருந்து வந்தவர்தான். ஆனால் ஆளும் கூட்டணி அழைத்து, காங்கிரசும் ஆதரித்த பிறகு, அவர் வெளியாள் என்பதே அவருக்கு அலங்காரமாகிவிட்டது.

எதிரில் நின்றவரும் நம்மவர்தான். சென்னையில் 1914-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் டாக்டரானவர். சிங்கப்பூருக்குப் போய் ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். 1943-ல் நேதாஜி கூப்பிட்டபோது ஜான்சி ராணிப் படையின் தலைவியானவர். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தியது அந்தப் படையில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கான்பூரில் ஏழைகளுக்குப் பிரசவம் பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவர். 1971-ல் வங்காள அகதிகளுக்கும், 1984-ல் விஷவாயு தாக்கிய போபாலுக்கும் மருந்துப் பெட்டியோடு போனவர். கேப்டன் லட்சுமி. இடதுசாரிகள் நிறுத்தினார்கள். அப்போது அவருக்கு வயது 87.

குஜராத் எரிந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். மதச்சார்பின்மையை முன்வைத்து, ஒரு குடியரசுத் தலைவர் அரசியல் சட்டத்தின் காவலராக எப்படி இருக்க வேண்டும் என்று பேசத்தான் அவர் நின்றார். நம் செய்திகளில் முந்திக்கொண்டு வந்து நின்றதோ அவருடைய வயது. “87 வயதில் போட்டி” என்று தொடங்கும் செய்தியில் மீதி என்ன எழுதினாலும் வாசகர் மனதில் நிற்பது அந்த எண்தான். அவருடைய படையைப் பற்றி எழுதியவர்கள்கூடப் பழைய சீருடைப் படத்தைப் போட்டு, கடந்த காலத்து மனுஷியாக மரியாதை செய்து அனுப்பிவைத்தார்கள். அவர் கேட்ட கேள்வியைக் கலாமிடம் கொண்டுபோய், “அம்மா இப்படிக் கேட்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்பதுதான் நிருபர் வேலை. கலாமுக்கு அதில் ஒரு குறைவும் வந்திருக்காது. நன்றாகவே பதில் சொல்லியிருப்பார். அந்தப் பதிலும் நமக்குக் கிடைக்காமல் போனதுதான் என் வருத்தம். வாக்குகள் 9,22,884-க்கு 1,07,366. பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த அம்மாவுக்கு விழுந்தது. அட்டைப்படத்திலும் தலையங்கத்திலும் அந்தப் பத்தில் ஒரு பங்காவது கிடைத்ததா?

அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1997-ல் டி.என். சேஷனுக்கு நடந்தது இதன் இன்னொரு பக்கம். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது தினமும் தலைப்புச் செய்தி, கே.ஆர். நாராயணனுக்கு எதிராக நின்று 50,631 வாக்கு வாங்கிய பிறகு அவர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு வகை உண்டு. சிரித்துத் தள்ளுவது. பரேலித் துணி வியாபாரி காகா ஜோகீந்தர் சிங், 300-க்கு மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றவர், 1992-ல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். 1,135 வாக்கு. நம் பக்கத்தில் மேட்டூர் பத்மராஜன். டயர் பஞ்சர் கடை வைத்திருப்பவர், 1988-லிருந்து வேட்புமனு போடுகிறார். ‘தேர்தல் மன்னன்’ என்று பட்டம் சூட்டி, ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே செய்தியைத் தேதி மட்டும் மாற்றிப் போடுகிறோம். எவ்வளவு டெபாசிட் போச்சு என்று கேட்கிறோம். சாதாரண மனிதனும் நிற்கலாம் என்று காட்டத்தான் நிற்கிறேன் என்று அவர் சொல்வதைச் சிரிப்புக்கு நடுவே ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். 2011 சட்டமன்றத் தேர்தலில் மேட்டூரில் அவருக்கு 6,273 பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆறாயிரம் பேரில் ஒருவரையாவது கண்டுபிடித்து ஏன் போட்டீர்கள் என்று கேட்டிருந்தால், அந்தத் தொகுதியைப் பற்றி நமக்கு ஏதோ தெரிந்திருக்கும்.

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மட்டும் ஓட்டுப் போடுகிற தேர்தல்தானே, முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதானே என்று கேட்கலாம். மக்களே ஓட்டுப் போடுகிற நாடுகளிலும் கதை இதேதான். அங்கே சேதம் அதிகம். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு நவம்பர் இறுதி வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியின் மாலைச் செய்தி டிரம்புக்கு 81 நிமிடம் ஒதுக்கியது. கூட்டம் கூட்டமாக ஆளைச் சேர்த்துக்கொண்டிருந்த பெர்னி சாண்டர்சுக்கு 20 விநாடி. இருவருமே கட்சித் தலைமைக்குப் பிடிக்காத வெளியாட்கள். ஒருவர் பேசினால் பரபரப்பு, இன்னொருவர் பேசினால் மருத்துவச் செலவும் கல்லூரிக் கட்டணமும். அதே நாட்டில் 1992-ல் ராஸ் பெரோ என்ற தனி வேட்பாளர் விவாத மேடை ஏறி 18.9 சதவீத வாக்கு வாங்கினார். 1996-ல் அவருக்கு மேடை மறுக்கப்பட்டது. பிறகு, கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் இருந்தால்தான் விவாதத்தில் இடம் என்று விதி வந்தது. மேடை ஏறாமல் 15 எப்படி வரும்?

இலங்கையில் 2010-ல் சரத் பொன்சேகா ராஜபக்சவை எதிர்த்தபோது அரசு ஊடகங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அவற்றைக் கண்காணிக்க ஓர் அதிகாரியை நியமித்தார். அந்த அதிகாரியின் உத்தரவுகளை யாரும் மதிக்கவில்லை. நியமனத்தையே திரும்பப் பெற வேண்டி வந்தது. அதே நாட்டில் 2019-ல் 3.16 சதவீதம் வாங்கிய அநுரகுமார திசாநாயக்க 2024-ல் அதிபரானார். அந்த 3.16-ஐ மட்டும் பார்த்து அவரை ஒதுக்கிய செய்தியாளர் யாராக இருந்தாலும், ஐந்து ஆண்டில் ஒரு நாடு மாறியதைக் கோட்டை விட்டிருப்பார். அதே 2024-ல், வெல்வதற்காக நிற்கவில்லை என்று சொல்லியே நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 2,26,343 பேர் வாக்களித்தார்கள். வெற்றியை மட்டும் அளவுகோலாக வைத்தால் அந்த வாக்குகளுக்கு என்ன பொருள் சொல்வது?

இந்தியாவுக்கு வருவோம். ஹரி ராம் காலத்தில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இருந்தால் போதும். 1967-ல் 17 பேர் நின்றார்கள், ஒன்பது பேருக்கு ஒரு வாக்கும் இல்லை. விளையாட்டாகிவிட்டது என்று 1974-ல் பத்துப் பத்துப் பேராக்கினார்கள், டெபாசிட் 2,500 ரூபாய். 1997-ல் ஐம்பது ஐம்பது பேர், 15,000 ரூபாய். அன்று முதல் 2022 வரை ஆறு தேர்தல். ஒவ்வொன்றிலும் இரண்டே பேர். கட்சி இல்லாதவர் உள்ளே வர வாசலே இல்லை. இந்தத் திருத்தங்கள் வந்தபோது யாரும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை, கட்சி இல்லாமல் நின்றவர்களைக் கோமாளிகளாக மட்டுமே காட்டிப் பழகியிருந்தோம், போனால் போகட்டும் என்று வாசகரும் இருந்துவிட்டார்.

குடியரசுத் தலைவர் தேர்தலின் வாக்குச்சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? எம்.பி.க்களுக்குப் பச்சை, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு. சின்னம் கிடையாது, கட்சிப் பெயர் கிடையாது. வேட்பாளர் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில். பக்கத்தில் எண் எழுத ஒரு கட்டம். ராதாகிருஷ்ணனுக்கும் ஹரி ராமுக்கும், கலாமுக்கும் கேப்டன் லட்சுமிக்கும் ஒரே அளவு இடம்.

அடுத்த தேர்தல் 2027-ல் வரும். நம் பத்திரிகைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். வேட்புமனு ஏற்கப்பட்ட மறுநாள், போட்டியில் இருக்கிற எல்லாரும் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒரு நாள், ஒரே பக்கத்தில், ஒரே நீளத்துக்குப் போடுங்கள். மறுநாளிலிருந்து யாரை வேண்டுமானாலும் கொண்டாடிக்கொள்ளுங்கள். இங்கே டீக்கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வாசிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தை நிச்சயம் வாசிப்பார்கள். எல்லை எந்தப் பக்கம் போகும் என்று வருடக்கணக்கில் செய்தி பார்த்துக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

அடுத்த வாரம் 1969. நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு எதிராக நாடாளுமன்ற மைய மண்டபத்தில் சுற்றுக்கு விடப்பட்ட ஓர் அநாமதேயத் துண்டறிக்கையும், அதையொட்டி வந்த தேர்தல் வழக்கில் பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்ன வி.வி. கிரியும்.

(தொடரும்)