மலையில் நடந்தும் எடை ஏன் குறைவதில்லை?

நீலகிரியில் சமதளம் என்பது அபூர்வம். ஊட்டி மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து மேல் குன்னூருக்கு வந்தாலும் சரி, மேடும் பள்ளமும்தான். இவ்வளவு ஏறி இறங்கும் நமக்கு எடை எங்கே கூடப் போகிறது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இல்லாத வீட்டை நம் மஹல்லாக்களில் தேட வேண்டியிருக்கிறது. கணக்கு எங்கே தப்புகிறது?

70 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய முப்பது மாடி உயரம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 16 கலோரிதான் தேவை. தசைகள் எரிக்கும் சக்தியில் கால்வாசியே வேலையாக மாறுகிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. மேடு ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றுவது அதனால்தான். ஆக, அந்த ஏற்றத்துக்கு உடல் செலவிடுவது சுமார் 65 கலோரி.

இப்போது டீயைப் பாருங்கள். இரண்டு டீஸ்பூன் சர்க்கரையில் 40 கலோரி, பாலில் ஏறத்தாழ 50. முப்பது மாடி ஏறியும் ஒரு டீ கரையவில்லை! குளிருக்கு இதமாக நாளொன்றுக்கு ஐந்து டீ என்றால் 450 கலோரி. உடன் வர்க்கி இல்லாமல் டீ இறங்குமா? மைதாவையும் வனஸ்பதியையும் மடித்து மடித்துச் சுடும் பண்டம் அது. கையில் கனமே தெரியாது, கலோரியோ கனம்.

ஐந்து டீயிலும் சர்க்கரையை மட்டும் விட்டால் நாளுக்கு 200 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், கணக்குப்படி நாற்பது நாளில் ஒரு கிலோ குறைய வேண்டும். நடைமுறையில் இன்னும் மெதுவாகத்தான் குறையும். எடை குறையக் குறைய உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும்.

அப்படியானால் நடை வீணா? இல்லை. மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலையில் ழான் மேயர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் தொழிலாளர்களின் உணவையும் எடையையும் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். உழைப்பு கூடக் கூட உணவும் கூடியது, எடை ஒரே அளவில் நின்றது. ஆனால் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. கடும் உழைப்பாளிகளுக்கு நிகராகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். அசையாத உடலுக்குப் போதும் என்ற உணர்வு சரியாக எழுவதில்லை போலும். நம் தோட்டங்களில் நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்த பாட்டிக்கு ஏற்ற சோற்றின் அளவை, கடையில் உட்கார்ந்திருக்கும் பேரனும் ஸ்கூட்டியில் போகும் பேத்தியும் அப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும்?

உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் வேண்டாம் என்ற கருத்தை அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் சொல்கிறது. வயிற்றை நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் உணவுக்கு ஒரு பங்கு, தண்ணீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்தது திர்மிதியில் பதிவாகியுள்ளது. வலீமா பந்தியில் இந்த ஹதீஸ் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். நோன்பு வைத்தால் எடை குறையும் என்பவர்கள், நோன்பு திறந்தபின் சமோசாவும் வடையும் எத்தனை போயின என்பதையும் எண்ண வேண்டும். தொழுகையே போதிய உடற்பயிற்சி என்று சில பயான்களில் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தொழுகை இபாதத், அதைக் கலோரிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சோற்றைக் குறைத்தால் பசிக்குமே என்பார்கள். ஊரெல்லாம் நம் மலையிலிருந்து வாங்கிச் செல்லும் காய் எதற்கு இருக்கிறது? 100 கிராம் முட்டைக்கோஸில் 25 கலோரி, கேரட்டில் 40தான். தட்டில் பாதிக்குக் காய், கால்வாசிக்குச் சோறு, மீதிக்குப் பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும். பிரியாணி வெள்ளிக்கிழமைக்கு இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டாவது தட்டுதான் வேண்டாம்.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. தையல் டேப் போதும், வீட்டிலேயே அளந்துவிடலாம்.

பெண்களுக்கு நடை எதற்கு என்று கேட்கும் ஆண்களுக்கு ஒரு செய்தி. ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடி முந்தினார்கள். பின்னொரு காலத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் உடல் பருத்திருந்தபோது மீண்டும் ஓட, நபியவர்கள் முந்தினார்கள், அது முன்பு தோற்றதற்கு ஈடு என்றும் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ளது. மனைவியோடு வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் இருவருக்கும் நிறைவாகிவிடும்.

பஜ்ர் முடிந்தவுடன் இருட்டில் தோட்டப் பாதையில் இறங்கிவிட வேண்டாம். கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது, நன்றாக வெளுத்தபின் போகலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிகம் படுத்தும், குச்சி ஊன்றி மெதுவாக இறங்குங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், உணவைக் குறைத்து நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால், பையில் இருக்கும் நாலு பேரீச்சம்பழம் அப்போது உதவும்.