நீட்டிய விரலை மூளை நிறுத்துவது எப்படி?

திரையில் அம்புக்குறி வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். எப்போதாவது ஒரு ‘பீப்’ ஒலிக்கும்; கேட்டால் அழுத்தக் கூடாது. பெரியவர்களே பாதி முறை கோட்டை விடுவார்கள். ‘பீப்’ வரும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, சோதனையை அப்படித்தான் அமைக்கிறார்கள்!

‘அழுத்து’, ‘நிறுத்து’ என்ற இரண்டும் மூளைக்குள் பந்தயம் ஓடுகின்றன என்று 1984-இல் லோகன், கோவன் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நிறுத்த ஆகும் நேரம் ஏறத்தாழக் கால் நொடி.

நிறுத்தும் அந்தக் கணத்தை மூளைக்குள் பிடிப்பது எப்படி? எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன், இயங்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் காட்டும். ஆனால் அது பார்ப்பது ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் மாற்றத்தை. அது உச்சம் தொடவே ஐந்தாறு நொடியாகும். தலையில் மின்முனைகளை வைத்து மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யோ நேரத்தில் கெட்டி, இடத்தில் மங்கல். எனவே இரண்டையும் சேர்க்கிறார்கள். மின்முனைத் தொப்பியோடு ஸ்கேனருக்குள் படுக்க வைப்பது லேசான வேலையில்லை. அந்தக் காந்தப்புலத்தில் நாடித் துடிப்புகூட மூளை அலைபோல வேஷம் போடும். கணினியால் அதைக் கழித்தாக வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளின்படி, மூளையின் வலது முன்மடலிலுள்ள கீழ்மடிப்பு, ஆழத்திலுள்ள சப்தலாமிக் கரு ஆகியவை நிறுத்தும்போது சேர்ந்து இயங்குகின்றன. அந்த மடிப்பின் வேலை நிறுத்துவதா, ஒலியைக் கவனிப்பதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ‘மூளையின் பிரேக் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வந்தால் சற்றுச் சந்தேகத்தோடே படியுங்கள்.