வீட்டுக்குள் வளரும் செடிகளும் நமது பொறுப்பும்

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்ற நபிமொழியின் கருத்தை ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். தோட்டத்து மரத்துக்கு அல்லாஹ் மழையை இறக்குகிறான். வீட்டு மூலையில் பூச்சாடியில் நிற்கும் செடியோ எல்லாவற்றுக்கும் நமது கையையே எதிர்பார்த்திருக்கிறது.

வீட்டுச் செடிகள் பல தண்ணீர் கூடியே அழிகின்றன. வேருக்கும் காற்று வேண்டும். மண் எந்நேரமும் சேறாக இருந்தால் வேர் அழுகி, இலை மஞ்சளாகும். அதைத் தாகம் என நினைத்து இன்னும் ஊற்றுவோர்தான் அதிகம்! விரலை ஓரங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று ஊற்ற வேண்டாம். வுழூவில்கூட நீரை வீண்விரயம் செய்யக் கூடாது எனக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம்.

இலையில் தூசு படிந்தால் வெளிச்சம் குறையும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பளபளப்புக்காக எண்ணெய் பூசாதீர்கள். துடைக்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால், ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து தெளிக்கலாம்.

இவற்றைவிடப் பாரதூரமானது சாடிக்கு அடியில் உள்ள தட்டு. டெங்கைப் பரப்பும் நுளம்பு தேங்கிய தெளிந்த நீரிலேயே பெருகுகிறது. முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் தீராது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே வாரந்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், நமது அலங்காரத்தால் அண்டை வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடப்பதை மார்க்கம் எப்படி ஏற்கும்?

போத்தல் நீரில் வளரும் மனி பிளான்டுக்கும் இதே விதிதான்: வாரம் ஒருமுறை நீரை மாற்றிப் போத்தலைக் கழுவுங்கள். அது வீட்டுக்குப் பணம் கொண்டுவரும் என்று நம்புவோர் நம்மிலும் உண்டு. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் மட்டுமே. அழகுக்காக வளர்ப்பதில் தடையில்லை. ஆனால் அதன் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.