ஆறரை பாயின்ட்டுக்கு எத்தனை சதவீதம்?

*பெருக்குகிற எண் மாறினால் ஃபர்ஸ்ட் கிளாஸும் மாறிவிடுகிறது!*

இன்ஜினீயரிங் முடித்த மூன்று பேர். மூவருக்குமே சிஜிபிஏ 6.5. மூவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். ‘குறைந்தது 60 சதவீதம்’ என்பது நிபந்தனை. முதல் ஆள் பத்தால் பெருக்குகிறார்: 65. இரண்டாமவர் 9.5-ஆல் பெருக்குகிறார்: 61.75. மூன்றாமவர் படித்த இடத்தின் விதிப்படி 0.75-ஐக் கழித்துவிட்டுத்தான் பத்தால் பெருக்க வேண்டும்: 57.5. இரண்டு பேருக்கு இன்டர்வியூ. மூன்றாமவருக்கு விண்ணப்பத்தோடு சரி.

இந்த மூன்று கணக்கும் நம் நாட்டில் புழக்கத்தில் இருப்பவைதான். எது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றே பையன்களும் பெண்களும் மொபைலில் ஜிபிஏ கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வில்லங்கம் வருவது அதற்கப்புறம், யாரோ ஒருவர் “அதெல்லாம் சரி, பர்சன்டேஜ் எவ்வளவு?” என்று கேட்கும்போது.

எடை போட்ட சராசரி

முதலில் கிரெடிட். நான்கு கிரெடிட் கணிதத்தில் 7 பாயின்ட், மூன்று கிரெடிட் தியரி பேப்பர்கள் இரண்டில் 8, 9, இரண்டு கிரெடிட் லேபில் 10 என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 8.5 வரும். மார்க் ஷீட்டில் அச்சாகி வருவது 8.25. ஒவ்வொரு பாயின்ட்டையும் அதற்குரிய கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 99. அதை மொத்த கிரெடிட்டான 12-ஆல் வகுக்க வேண்டும். லேபில் அள்ளியது கணிதத்தில் விட்டதை ஈடுகட்டவில்லை.

செமஸ்டர்களைச் சேர்க்கும்போதும் இதே விதிதான். 20 கிரெடிட் செமஸ்டரில் 7.0, 26 கிரெடிட் செமஸ்டரில் 8.5 என்றால் சிஜிபிஏ 7.75 ஆகாது, 7.85. பத்து பாயின்ட்டில் ஒரு புள்ளிக்கும் கீழேதான் வித்தியாசம். ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸ், டிஸ்டிங்ஷன் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அது பெரிய விஷயம்.

9.5 எங்கிருந்து வந்தது?

2010-க்குப் பிறகு சில ஆண்டுகள், சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக சிஜிபிஏ கொடுக்கப்பட்டது. 91 முதல் 100 வரை 10 பாயின்ட், 81 முதல் 90 வரை 9, 71 முதல் 80 வரை 8 என்று பத்துப் பத்து மார்க்காக இறங்கும் அட்டவணை. 9.5-ஆல் பெருக்கினால் தோராயமான சதவீதம் கிடைக்கும் என்பது அந்த அட்டவணைக்காகச் சொல்லப்பட்டது. அங்கே அது ஓரளவு பொருந்தவும் செய்தது. 9 பாயின்ட்டை 9.5-ஆல் பெருக்கினால் 85.5, 81-க்கும் 90-க்கும் நட்டநடுவே உட்காரும் எண். 8 பாயின்ட்டுக்கு 76. அந்தப் பட்டையின் நடு 75.5.

2018-ல் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமானது. சிஜிபிஏ போய்விட்டது, 9.5 மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்த எண், கல்லூரிக்குள் நுழைந்து, பிறகு வேலை விண்ணப்பத்திலும் ஏறிக்கொண்டது. இதில் இன்னொரு வேடிக்கை: அத்தனை பேப்பரிலும் நூற்றுக்கு நூறு எடுத்து, 10-க்கு 10 வாங்கிய மாணவருக்கும் இந்தக் கணக்கில் 95 சதவீதம்தான்!

கல்லூரிகளில் அட்டவணையே வேறு. தமிழகப் பொறியியல் மாணவர்கள் பலருக்கு 50-க்குக் கீழே போனால் அரியர். கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் 40-லேயே கரை சேர்ந்துவிடலாம். ரிலேட்டிவ் கிரேடிங் இருக்கும் இடங்களில் கதை இன்னும் சிக்கல். அங்கே வகுப்பின் சராசரியை வைத்துத்தான் கிரேடு. கடினமான வினாத்தாள் வந்த செமஸ்டரில் 68 மார்க்குக்கும் ‘ஏ பிளஸ்’ கிடைக்கலாம். அதற்கு என்ன சதவீதம் எழுதுவது?

80 தோற்றது, 76 ஜெயித்தது!

சூத்திரம் சரியாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆறு பேப்பர், எல்லாம் சம கிரெடிட். முதல் மாணவி மூன்று பேப்பரில் தலா 91, மூன்றில் தலா 61. இரண்டாம் மாணவி ஆறிலும் 80.

முதல் மாணவியின் கிரேடு பாயின்ட் 10, 10, 10, 7, 7, 7. ஜிபிஏ 8.5. இரண்டாமவருக்கு ஆறிலும் 8; ஜிபிஏ 8.0. அசல் மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள். முதல் மாணவியின் சராசரி 76, இரண்டாமவரின் சராசரி 80. இப்போது ஜிபிஏக்களை 9.5-ஆல் பெருக்கினால், முதல் மாணவிக்கு 80.75, இரண்டாமவருக்கு 76. சதவீதம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது!

காரணம் எளிது. 81-க்கும் 90-க்கும் ஒரே பாயின்ட் என்று வைப்பதே சின்ன வித்தியாசங்களை அழிக்கத்தான். அழித்ததை எந்தப் பெருக்கலும் திரும்பக் கொண்டுவராது. அவித்த இட்லியை மறுபடி மாவாக்குகிற வேலை இது. அந்த மாவைத்தான் இரண்டு தசம இடம் வரை துல்லியமாக எடை போட்டு, 59.9 என்றால் வெளியே, 60 என்றால் உள்ளே என்கிறோம்.

கிரேடு வந்ததால்தான் ஒரு மார்க்குக்காகப் பிள்ளைகள் அழுகிற கூத்து குறைந்தது என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. சரிதான், அப்படியானால் கிரேடை கிரேடாகவே விட்டுவைக்க வேண்டும் அல்லவா?

கடல் தாண்டினால் 70-ன் கதி

வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. பிரிட்டனில் 70 எடுத்தால் உச்சபட்ச ‘ஃபர்ஸ்ட்’. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் 70 என்பது ‘சி’ வரிசையில், நான்குக்கு இரண்டு பாயின்ட்டை ஒட்டி நிற்கும். நம் ஊரில் அது ஃபர்ஸ்ட் கிளாஸ், ஆனால் டிஸ்டிங்ஷன் இல்லை. தேர்வுத்தாள் திருத்துகிற பழக்கமே நாட்டுக்கு நாடு வேறு என்பதால், எண் ஒன்றானாலும் மதிப்பு ஒன்றாகாது.

பத்துக்கு வாங்கியதை 0.4-ஆல் பெருக்கினால் அமெரிக்க ஜிபிஏ வந்துவிடும் என்பது கன்சல்டன்சிகளில் அடிக்கடி கேட்கிற வழி. 8.0 என்றால் 3.2. ஆனால் அங்கே ஒவ்வொரு பேப்பராக எடுத்து, ‘ஏ’-வுக்கு 4, ‘பி’-க்கு 3, ‘சி’-க்கு 2 என்று மாற்றி, கிரெடிட்டால் எடை போடுகிறவர்கள் உண்டு. அந்த வழியில் இதே மாணவருக்கு வேறு எண் வரும். அதனால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும், ‘நீங்களாக மாற்றாதீர்கள், உங்கள் அளவுகோலிலேயே எழுதுங்கள்’ என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுகின்றன.

ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ். 1.0 முதலிடம், 4.0 வெறும் பாஸ். அங்கே பவேரிய சூத்திரம் என்று ஒன்று உண்டு. அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பாஸ் புள்ளி 5 என்றிருக்கும் கல்லூரியில் 8.0 எடுத்தவருக்கு 2.2 வரும். பாஸ் புள்ளி 4 என்றால் அதே 8.0-க்கு 2.0. ஜெர்மனியில் குறைந்த எண்தானே சிறந்தது? ஆக, பாஸாவது சுலபமான இடத்தில் படித்தவருக்கே அந்தக் கணக்கு கூடுதலாகக் கைகொடுக்கிறது.

நஷ்டம் யாருக்கு?

இதையெல்லாம் எழுதுவதற்கு உண்மையான காரணம் இதுதான். ஊரில் உள்ள ப்ரௌசிங் சென்டரில் ஆன்லைன் படிவம் நிரப்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். “அண்ணே, இதுல பர்சன்டேஜ்னு கேக்குது. எனக்கு சிஜிபிஏதான் இருக்கு.” “அதுக்கென்ன தம்பி, பத்தால பெருக்கிப் போட்டுட்டாப் போச்சு.” போட்டாயிற்று. சர்டிஃபிகேட் சரிபார்ப்பில் கல்லூரி விதிப்படி கணக்குப் போட்டால் ஏழெட்டு சதவீதம் குறைகிறது. அந்தப் பையனுக்குப் பொய் சொல்லும் எண்ணமே கிடையாது. ஆனாலும் ‘தவறான தகவல்’ என்ற பேர் வந்து சேரும்.

அக்காவோ சித்தப்பாவோ ஏற்கெனவே பட்டம் வாங்கிய வீட்டில், ‘கல்லூரியில் கன்வர்ஷன் சர்டிஃபிகேட் வாங்கி இணைத்துவிடு’ என்று சொல்ல ஆள் இருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு யார் இருக்கிறார்கள்? கல்விக் கட்டணச் சலுகை கொடுத்துக் கல்லூரிக்குள் கொண்டுவந்த பிள்ளையை, வெளியே போகும்போது ஒரு பெருக்கல் கணக்கு வழிமறிப்பது நியாயமா? நன்றாகப் படித்தவருக்கு 85 வந்தாலும் 81 வந்தாலும் எங்கோ ஓரிடத்தில் வேலை கிடைத்துவிடும். 6.3-க்கும் 6.8-க்கும் நடுவே நிற்கிறார்களே, தமிழ் வழியில் படித்து வந்து, முதல் இரண்டு செமஸ்டரில் தடுமாறி, பிறகு எழுந்தவர்கள், அவர்கள் தலையில்தான் இந்த 60 சதவீதக் கோடு இறங்குகிறது.

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் இன்ஜினீயரிங் கட்-ஆஃப் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. எட்டாவது படித்த அம்மாகூடச் சரியாகச் சொல்வார். அது எல்லோருக்கும் ஒரே சூத்திரம், எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் என்பதால்தான் அப்படி. பட்டப்படிப்புக்கும் இதைச் செய்ய முடியாதா? ‘60 சதவீதம் அல்லது 6.5 சிஜிபிஏ’ என்று இரண்டையும் விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் எதையும் பெருக்க வேண்டியதில்லை. படிவத்தில் ‘புள்ளி’, ‘எத்தனைக்கு’ என்று இரண்டு கட்டம் இருந்தால் போதும். வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு இதில் பைசா செலவில்லை.

அதுவரை மாணவர்கள் செய்ய வேண்டியவை:

• மார்க் ஷீட்டின் பின்பக்கத்தையும், உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தையும் படியுங்கள். சதவீதக் கணக்கு அங்கே இருந்தால் அதுவே இறுதி. நண்பருடைய சூத்திரம் வேண்டாம்.

• அங்கே இல்லையென்றால், கல்லூரி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். கடைசி செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போனபின் அலைச்சல்.

• வெளிநாட்டு விண்ணப்பத்தில், அவர்கள் கேட்காதவரை எதையும் மாற்றாதீர்கள். ‘8.1 / 10’ என்றே எழுதுங்கள்.

• 59.6 வந்தால் 60 என்று ரவுண்ட் ஆஃப் செய்யாதீர்கள். விதியில் அனுமதி இல்லாத இடத்தில் அதுவும் தவறான தகவல்தான்.